ஊர் வளம் பாடியவர்

சின்னப்பதாகை என்று ஓர் ஊர் இருந்தது. ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, கோவில்பதாகையைத் தாண்டி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் வரும். இப்போது அங்கே முள்கம்பியும் தகரக் கொட்டகைகளும்தான். கம்பிக்கு வெளியே நின்று, இந்த இடத்தில்தான் வீரராகவன் வீடு இருந்தது என்று யாருக்காவது காட்டலாமென்றால் காவல் நிற்கும் சிப்பாய் விரட்டுவான். ஆகையால் எழுதுகிறேன்.

வீரராகவன் என்று பெற்றவர்கள் வைத்த பெயரை ஊர் மறந்துவிட்டிருந்தது. 'புலவரு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதை கொஞ்சம், கேலி கொஞ்சம். எது தூக்கலாக இருக்கும் என்பது, கூப்பிடுகிறவருக்கு அன்றைக்கு அவரிடம் காரியம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. வாட்டசாட்டமான ஆள். ஏர் தூக்கவென்றே செய்த தோள். அந்தத் தோளில் கலப்பை இருந்து யாரும் பார்த்ததில்லை.

வீட்டிலும் அவர் புத்தகத் தமிழ்தான் பேசுவார். "அண்ணா, தொழுவத்தில் மேதியைக் காணோம்" என்று ஒருநாள் வந்து சொன்னார். அண்ணன் திருவேங்கடம் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"யார்ரா அவ மேதி? நம்ம தொழுவத்துல அவளுக்கு இன்னாடா வேல?"

எருமையைத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததும் திருவேங்கடம் மறுபடி உட்கார்ந்தார். "எருமன்னு கூப்ட்டாவே அது திரும்பிப் பாக்காது. நீ மேதின்னு கூப்ட்டுகினு இருந்தியா? அதான் கோச்சிக்கினு பூட்டுது."

எங்கள் வீடு அடுத்த வீடு. இதெல்லாம் சுவரைத் தாண்டி வந்து விழும். நான் அதிகம் பேசுகிறவன் அல்லன். அதனால் காதில் விழுந்தது எதுவும் வீணாகவில்லை.

தம்பியைக் கேலி செய்ய அண்ணனுக்கு உரிமை இருந்தது. தகப்பனார் சீக்கிரம் போய்விட்டார். இருந்தது ஏரிக்குக் கிழக்கே மேட்டுக் கழனி மட்டும். சிறுவயதில் கோவில்பதாகைக் கூத்துக்குத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் திருவேங்கடம். திரும்பி வரும் வழியில், கேட்ட விருத்தங்களை எல்லாம் தோளில் உட்கார்ந்தபடியே பையன் ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டு வந்தானாம். "என் மண்ட மேல உக்காந்துகினு சரஸ்வதியே பாடறாப்புல இருந்தது" என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்: உழவு ஒருவனுக்கு, படிப்பு ஒருவனுக்கு.

வீரராகவனும் ஏமாற்றவில்லை. ரயிலேறிப் பட்டணம் போய், புரசைவாக்கத்தில் ஒரு பெரியவரிடம் பாடம் கேட்டார். எங்கள் ஏரி மதகில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். ஒரு தடவை தவறி, மறுதடவை வித்துவான் தேர்வில் தேறினார். திருவேங்கடம் ஊர் முழுக்க வெல்லம் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பண்டிதர் வேலைக்குக்கூட இங்கிலீஷில் மனுப் போட வேண்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் தற்காலிகமாக இருந்தார். வாத்தியார்கள் உட்காரும் அறையில் எல்லாருக்கும் நாற்காலி, பண்டிதருக்கு முக்காலி. அதையும் பொறுத்துக்கொண்டார். புதிதாக வந்த தலைமை வாத்தியார் தமிழ்ப் பாட வேளையை எடுத்துத் தோட்ட வேலைக்குக் கொடுத்தபோது மட்டும் எதிர்த்துப் பேசினார். எதுகை மோனையோடு பேசினாராம். அப்புறம் வீட்டில்தான் இருந்தார்.

ஊர் அவரை வேறு விதத்தில் பிடித்துக்கொண்டது. ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர், பூந்தமல்லி, இந்தச் சுற்றுவட்டாரத்தில் கொஞ்சம் வசதி இருக்கிற கல்யாணம் என்றால் வாழ்த்துப்பா வேண்டும். ரோஸ் நிறக் காகிதத்தில் அச்சடித்து, தாலி கட்டியானதும் சபையில் பாடி, பிறகு கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். மாப்பிள்ளை சூரியன், பெண் தாமரை, மாமனார் வள்ளல், ஊர் சொர்க்கம். மாப்பிள்ளைக்கு ஒரு கண் கோணலாக இருந்தாலும் சூரியன்தான். ஒரு வேட்டியும் பந்தியில் நல்ல இடமும் கிடைக்கும். இத்தனை பேருக்குக் கல்யாணம் பாடியவருக்குப் பெண் கொடுக்க ஒருவரும் வரவில்லை. "பாட்டு பாடறவனுக்குக் குடுத்தா பொண்ணு பாட்டத்தான் துன்னணும்" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

அண்ணி எல்லம்மாவின் கைக்குழந்தை ஒரு சுரத்தில் போய்விட்டது. எல்லம்மா அழவில்லை. பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலித்தபோதும் அழவில்லை. முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். என் அம்மா உட்பட எல்லாரும் பயந்து போயிருந்தோம். வீரராகவன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தெரியாது. வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் புலம்பல், மிகப் பழைய பாட்டு. வாய்விட்டுத்தான் படிப்பார். உள்ளே முறத்தின் சத்தம் நின்றது. எல்லம்மா வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"அத்த இன்னொரு தபா படி தம்பி."

படித்தார். அவளுக்கு அதில் பாதி சொல் புரிந்திருக்காது. ஆனால் அழுதாள். அன்று பொழுது சாயும்வரை அழுதாள். பிறகு எழுந்து உலை வைத்தாள். படிப்பினால் என்ன பயன் என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் அந்த உலைதான் நினைவுக்கு வரும். ஊரில் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குக் கண்ணாடி போட்டு மாட்ட முடியாதல்லவா?

நான் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ரயிலில் படிக்கப் பத்திரிகை வாங்குவேன். யாப்பில்லாமல், பேச்சுப் போல எழுதுகிற புதுக் கவிதைகள் அப்போது வர ஆரம்பித்திருந்தன. ஒன்றை அவரிடம் காட்டினேன். "எதுகை எங்கே? மோனை எங்கே? இது மூக்கணாங்கயிறு போடாத மாடு" என்றார். ஆனாலும் பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டார். சில நாள் கழித்து அந்தப் பக்கத்தில் ஒரு வேப்பிலையை அடையாளம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. வந்தவர்களுக்குப் பின்னாலேயே பட்டாளமும் வந்தது. ஆவடியைச் சுற்றி நிலம் எடுக்கிறார்கள் என்று பேச்சு. மணியக்காரர் அய்யாசாமி தாலுகா கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, அம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார்.

"ரெண்டு எடம் பாத்து வெச்சிகீறாங்க. ஒண்ணு நம்ம மேட்டுக் கழனி. இன்னொண்ணு வடக்கால கீற உவர்ப் பொட்டல். எத்த எடுக்கறதுன்னு பாக்க தொர நேர்ல வராராம். கச்சேரி குமாஸ்தா கூட வந்து தமிழு பேசறத இங்கிலீசுல சொல்லுவாரு. தொர கொஞ்ச நேரந்தான் இருப்பாராம். நம்ம கஷ்டத்த எட்த்துச் சொன்னா, பொட்டல எட்த்துக்கினு கழனிய உட்டாலும் உடுவாரு."

பொட்டலில் முள்ளும் உப்பும் தவிர ஒன்றுமில்லை. மேட்டுக் கழனி போனால் ஊரே போனது. இது எல்லாருக்கும் தெரியும். யார் பேசுவது என்பதுதான் கேள்வி.

"நான் பேசறேன்" என்றார் திருவேங்கடம். "கால்ல உழுந்து சொல்லிடறேன். அய்யா, இது எங்க சோறு, அந்தப் பொட்டல எட்த்துக்கோன்னு."

"நீ போயி தொர எதிர்ல இன்னா பேசுவ? அதுக்கு ஒரு மொற கீது" என்றார் மணியக்காரர். "போன வருசம் பக்கத்து ஊருக்கு கலெக்டர் வந்தப்போ வரவேற்புப் பத்திரம் படிச்சிக் குடுத்தாங்க. உடனே கெணறு வந்துட்ச்சி. நமக்கு வித்துவானே கீறாரு. கல்யாணத்துக்கெல்லாம் பாடறாரே, ஊருக்கு ஒண்ணு பாடட்டும். இன்னா புலவரே?"

கூட்டம் முழுவதும் வீரராகவனைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் அன்றைக்குக் கேலி இல்லை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாடுகிறேன்" என்றார்.

திருவேங்கடமும் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது எல்லம்மாவிடம் சொன்னார்: "பாத்தியா? சும்மாவா படிக்க வெச்சேன்."

பாட்டைப் பூந்தமல்லியில் அச்சடித்தோம். ஹபிபுல்லா சாயபுவின் அச்சுக்கூடம், மசூதித் தெருவில். ஞாயிற்றுக்கிழமையாதலால் நானும் கூடப் போனேன். சாயபு அச்சுக் கோத்துக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். காப்புச் செய்யுள். பிறகு அவையடக்கம், நான் சிறியவன், என் சொல் சிறியது என்று. பிறகு துரையின் குலமும் கொடையும். பிறகு நாட்டு வளம். பிறகு ஊர் வளம். கடைசியில்தான் விண்ணப்பம்: ஐயனே, இக்கழனியே எங்கள் உயிர், வடபால் பொட்டலைக் கொள்க.

"புலவரே, சமாச்சாரம் கடோசிலதான் வருதா?" என்றார் சாயபு.

"அதுதானே முறை."

"காயிதம் கெடைக்கல. யுத்தம். இது ரெண்டு தாளு போவும். நடுவால இந்த ஏரி, வயலு, கொக்கு, மீனு, இத்தயெல்லாம் எட்த்துட்டா ஒரே தாள்ல அடிச்சுடலாம்."

வீரராகவனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "நாடும் ஊரும் பாடாமல் நேரே கேட்பதா? கைநீட்டிக்கொண்டே வாசலுக்குள் நுழைவது போல் ஆகாதா? எந்த ஊருக்காகக் கேட்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்கு இன்னா போச்சி. ரெண்டு தாளுன்னா ரெண்டு தாளு" என்று சாயபு தலையாட்டினார். "ஆனா கொக்கு நல்லாத்தான் கீது."

ஊர் வளப் பாட்டு உண்மையிலேயே நன்றாக இருந்தது. கல்யாணத்துக்கு எழுதிய வர்ணனை அல்ல அது. மதகில் உட்கார்ந்து இத்தனை வருஷம் அவர் பார்த்தது. கோடையில் மற்ற ஏரிகள் வெடித்துக் கிடக்கும்போது எங்கள் ஏரியின் நடுவில் தேங்கி நிற்கும் நீலம். அடைமழையில் சுற்றூர்கள் முழங்கால் சேற்றில் கிடக்க, தண்ணீரை உதறிவிட்டு நிற்கும் எங்கள் மேடு. பாறைபோல் கெட்டிப்பட்ட களத்துமேட்டு மண். தூரத்து ரயிலின் கூவலுக்குப் பதில் சொல்லும் எங்கள் மயில். ஊரில் பிறந்த எனக்கே அதைப் படித்த பிறகுதான் ஊர் தெரிந்தது.

துரை வந்த அன்று மாந்தோப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். பன்னீர்ச் செம்பு, சந்தனம், எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் தயார். மோட்டார் வந்து நின்றது. இறங்கியவர் வெயிலில் காய்ந்த முகமும் நரைத்த மீசையுமாக, மரியாதையான மனிதராகத்தான் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா பக்கத்தில் நின்றார். வரைபடச் சுருள் மோட்டாரிலேயே இருந்தது.

வீரராகவன் புது வேட்டியும் துண்டுமாக முன்னால் வந்தார். அச்சடித்த தாள் கையில் இருந்தும் அதைப் பார்க்கவில்லை. ராகமெடுத்துப் பாடினார்.

காப்பு. குமாஸ்தா, "சாமி பாட்டு" என்று இங்கிலீஷில் ஒரே வார்த்தையில் முடித்தார். அவையடக்கம். "தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்." துரை புன்னகை செய்தார். அடுத்தது துரையின் குலப் பெருமை. அதைக் குமாஸ்தா கொஞ்சம் நீட்டியே சொன்னார். துரை ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற திருவேங்கடம் அதைக் கவனித்துவிட்டார்.

"எப்போ சொல்லுவான்?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

"வரும்" என்றேன்.

நாட்டு வளத்தைத் தாண்டி ஊர் வளத்துக்கு வந்தார். முதல் பாட்டு கொக்கும் மீனும். துரை தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது, பெண்களின் நாற்றுநடவு. மூன்றாவது, ஏரி. குமாஸ்தா வழக்கம்போலச் சொன்னார்: எந்தக் கோடையிலும் இந்த ஏரி வற்றாது என்கிறார்.

துரை நிமிர்ந்தார்.

அடுத்த பாட்டு மழையும் மேடும். எவ்வளவு மழை பெய்தாலும் கிழக்கு மேட்டில் தண்ணீர் நிற்காது என்கிறார். அதற்கடுத்தது மண். பாறை மாதிரிக் கெட்டி என்கிறார். ரயில் பாதை பக்கம் என்கிறார். துரை கையைக் காட்டினார். டிரைவர் ஓடிப்போய் வரைபடத்தை எடுத்து வந்தான். அதை மடியில் விரித்துக்கொண்டு, துரை குமாஸ்தாவிடம் ஏதோ கேட்டார்.

"புலவரே, தொர கேக்கறாரு. சித்திர வைகாசிலகூட ஏரில தண்ணி நிக்குமா?"

நான் அப்போது வீரராகவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. இத்தனை கல்யாணங்களில் பாடியிருக்கிறார். பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் சபைகளில் பாடியிருக்கிறார். பாட்டின் நடுவில் நிறுத்தி, நீ சொன்னது மெய்யா, இன்னும் சொல் என்று ஒரு மனிதர் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"நிற்குமா என்றா கேட்கிறார்?" என்றவர், தாளில் இல்லாத ஒரு பாட்டை அங்கேயே கட்டிப் பாடினார். அக்கினி நட்சத்திரத்தில் ஆனை முழுகும் ஆழம் என்று.

"டேய் தம்பி!" திருவேங்கடம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கத்தினார். "வாணாண்டா! ஏரிய உட்றா! கழனிய சொல்றா!"

"சபைல குறுக்கால பேசாத" என்று மணியக்காரர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

துரை பென்சிலால் வரைபடத்தில் ஏதோ குறித்தார். குறித்துவிட்டு எழுந்தார். வீரராகவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மணியக்காரர் மாலையைப் போட்டார்.

"ஐயா, இன்னும் விண்ணப்பம் இருக்கிறது" என்றார் வீரராகவன்.

"அச்சடிச்சிருக்கீங்கல்ல? குடுங்க. தொர அப்புறம் பாப்பாரு" என்று குமாஸ்தா கையை நீட்டினார்.

விண்ணப்பம் தமிழில் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குமாஸ்தா ஏறினார். மோட்டார் போயிற்று.

அன்று மாலையிலிருந்து எங்கள் ஊரில் சொல்வதற்கு அதிகம் இல்லை. அளவைக் கல் நட்டார்கள். ஊரைக் காலி செய்யச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். நிற்கிற சம்பாவை அறுக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அவரவர் வண்டி கட்டிக்கொண்டு, சொந்தம் இருக்கிற இடத்துக்குப் போனார்கள். நூம்பலுக்குச் சிலர், கொரட்டூருக்குச் சிலர். திருவேங்கடம் கொரட்டூரில் ஒரு கூரை வீட்டுக்கு வாடகைக்குப் போனார். நாங்களும் அந்தத் தெருவுக்கே போனோம். மேட்டுக் கழனியில் எழும்பிய கொட்டகைகளில் மூட்டை தூக்க அவரே கூலியாகச் சேர்ந்தார்.

போகும்போது வண்டியில் தம்பிக்கு இடம் விடவில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "நீ நல்லா பாடின" என்று மட்டும் சொன்னார். எல்லம்மா சட்டியும் பானையும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காரர்கள் பேசினார்கள். "படிச்சவன் இன்னா பண்ணுவான்னு பாத்தோம். பாடியே குடுத்துட்டான்." மணியக்காரர்கூட அதையேதான் சொன்னார், பாடச் சொன்னது தாம் என்பதை எல்லாரையும்விட முதலில் மறந்தவர் அவர்தான்.

அந்தக் காலத்தில் ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு இதே யோசனை. அவர் படித்த பழைய பாட்டுகளில் அரசன் முகத்துக்கு நேரே கேட்ட புலவர்கள் உண்டு. நீ செய்வது தப்பு என்று நாலே வரியில் சொல்லிவிட்டு, பரிசிலையும் வாங்காமல் திரும்பி நடந்தவர்கள் உண்டு. அவருக்கு அதெல்லாம் மனப்பாடம். மதகில் உட்கார்ந்து எனக்கே சொல்லியிருக்கிறார். இருந்தும் வேளை வந்தபோது அவர் வாயில் வந்தது கல்யாணப் பந்தல் முறை. வருஷக்கணக்காக ஊர் அவரிடம் கேட்டது அதைத்தானே? புகழச் சொல்லி வேட்டி கொடுத்த ஊர், ஒருநாள் மட்டும் போராடச் சொன்னால் எப்படி வரும்? இலக்கியம் படித்ததால் கழனி போகவில்லை. அந்தப் படிப்பை இவ்வளவு மலிவாகச் செலவழித்ததால் போயிற்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் கழனி வரப்போவதில்லை.

வீரராகவன் பூந்தமல்லியில் ஹபிபுல்லா சாயபுவின் அச்சுக்கூடத்திலேயே பிழை திருத்துபவராகச் சேர்ந்தார். காகிதக் கட்டுகளுக்கு இடையே படுக்கை. கல்யாண வாழ்த்தெல்லாம் எழுதுவதை விட்டுவிட்டார். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவார். அண்ணனும் தம்பியும் பேசவில்லை. தீபாவளிக்குக்கூட இல்லை.

யுத்தம் முடிகிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவேங்கடம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார்.

"தம்பி, பூந்தமல்லிக்கு வரியா? எனக்கு அந்த அச்சாபீசு எடம் தெரியாது."

வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கொட்டகையில் சர்வே ஆளோடு பேச்சு வந்ததாம். அந்த ஆள் சொன்னானாம்: துரை வருவதற்கு வெகுநாள் முன்பே மேட்டுக் கழனிக்குக் கோடு போட்டாயிற்று, துரை வந்தது இடத்தைச் சும்மா ஒருதரம் பார்த்துவிட்டுப் போகத்தான், யார் பாடினாலும், யார் காலில் விழுந்தாலும் அது மாறியிருக்காது.

"இத்தினி வருசமா அவன் மேல பழியப் போட்டுகினு இருந்துட்டேன். எல்லம்மாவும் நேத்து சாப்புடல. போய்க் கூட்டிகினு வான்னு சொல்லிட்டா." எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டார். "ஒரு ரூமு சும்மாதான் கீது. பொஸ்தகமெல்லாம் வெச்சிக்கட்டும்."

அச்சுக்கூடத்தில் வீரராகவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். அண்ணனைக் கண்டதும் எழுந்தார். உட்காரச் சொல்ல இடமில்லாமல் காகிதக் கட்டைத் துடைத்தார். சாயபு எங்களைப் பார்த்துவிட்டு, டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

திருவேங்கடம் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "உன்னால இல்லடா நைனா. முன்னாடியே கோடு போட்டுகினுதான் வந்துகீறானுங்கோ. நீ பாடனதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. வா, ஊட்டுக்குப் போலாம்."

வீரராகவன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன்.

"யார் சொன்னது?" என்றார்.

"சர்வே ஆளு. கூடவே இருந்தவன்."

"அவனுக்குத் தெரியாது அண்ணா."

"இன்னாடா தெரியாது? அவன்தான் கோடே போட்டவன்."

"துரை கேட்டார். சித்திரை வைகாசியிலும் நீர் நிற்குமா என்று கேட்டார்."

"கேட்டான். அதுக்கு இன்னா இப்போ?"

"முடிவானதைப் பற்றி ஒருவன் ஏன் கேட்கிறான்? என் பாட்டைக் கேட்ட பிறகுதானே வரைபடத்தை எடுத்தார்? அதற்கு முன்னால் அது வண்டியில்தானே இருந்தது?"

திருவேங்கடத்துக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் புரிந்தது: துரை கேட்ட அந்த ஒரு கேள்வியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

"டேய் தம்பி, நான் இன்னா சொல்றேன்னா, உம்மேல தப்பு இல்லன்றேன். நீ பாடாம இருந்தாலும் பூட்டுதான் இருக்கும்."

"இல்லை" என்றார் வீரராகவன். குரல் உயரவில்லை. "அது பாட்டினால் போயிற்று."

"அப்போ நீதான் குடுத்தன்ற."

"ஆமாம்."

திருவேங்கடம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை முனையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உம்மேல போட்ட பழிய உட்டுடலாம்னு வந்தேண்டா" என்றார். "நீ உடமாட்டன்ற."

திரும்பி வாசலை நோக்கி நடந்தார். கூலி வேலையில் ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

வீரராகவன் உட்கார்ந்து தாளை எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். வெட்கப்படுகிறவர் போல இருந்தது.

"நீ பார்த்துக்கொண்டுதானே நின்றாய்? துரை நிமிர்ந்தது இரண்டாவது பாட்டிலா, மூன்றாவதிலா?"

"மூன்றாவதில்" என்றேன். "ஏரிப் பாட்டில்."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி.

திருவேங்கடம் இன்னும் வாசலைத் தாண்டியிருக்கவில்லை.